‘ஆந்தலே’: கேட்ட இடங்களும் எழுதும் முறையும்

‘ஆந்தலே’ (ándale) என்ற ஸ்பானியச் சொல்லை எங்கே, எப்படிக் கேட்டீர்கள், அதை எப்படி எழுதுவது என்ற கேள்விக்குக் குழு உறுப்பினர்கள் தந்த பதில்கள்:

மெக்சிகோ நகரத்தில் பணிபுரியும் உறுப்பினர்:

இந்நகரத்தில் நாள்தோறும் காதில் விழும் ஏவற்சொல் ‘ஆந்தலே’. நடத்தலைக் குறிக்கும் ‘அந்தார்’ என்ற வினையிலிருந்து பிறந்தது என்றாலும், என்னை நடக்கச் சொல்வதற்காக இதை எவரும் சொன்னதில்லை. பள்ளிக்குக் கிளம்பாமல் சுணங்கும் பிள்ளையிடம் தாய் சொன்னால் ‘சீக்கிரம்’ என்று பொருள்; நாம் சொன்னது சரியாக அமைந்துவிட்டால் அலுவலக நண்பர் ‘அதேதான்’ என்பதற்கும் இதையே சொல்கிறார்; தொலைபேசியை வைக்கும் முன் ‘சரி, பார்க்கலாம்’ என்பதற்கும் இதுவே. ஈற்றிலுள்ள ‘லே’ இலக்கணப்படி ‘அவருக்கு’ என்னும் பொருளுடையது, ஆனால் இங்கே அது எவரையும் சுட்டுவதில்லை. ஏவலுக்கு வேகம் கூட்டுவதோடு சரி.

மெக்சிகோவின் குவாதலஹாராவில் படிக்கும் உறுப்பினர்:

மரியாதை வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரம்மாவின் பேரன் நாய்க்குட்டியை ‘ஆந்தலே’ என்று விரட்டுவான்; பாட்டியிடம் ‘ஆந்தெலே’ என்பான். நடுவிலுள்ள ஓர் உயிரெழுத்து மாறுவதில்தான் ‘நீ’யும் ‘நீங்க’ளும் பிரிகின்றன. தியாங்கிஸ் எனப்படும் தெருச்சந்தைகளில் வியாபாரிகள் ‘பாசெலே, பாசெலே’ (‘உள்ளே வாருங்கள்’) என்று கூவி அழைப்பதும் இந்த மரியாதை வடிவமே.

ஸ்பானியம் கற்பிக்கும் உறுப்பினர்:

எழுதும்போது முதல் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு கட்டாயம், ஏனெனில் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம் விழும் சொற்களுக்கு அக்கோடு இட வேண்டும் என்பது விதி. ‘ஆந்தா’ என்ற தனி ஏவலுக்குக் கோடு கிடையாது. உயிரெழுத்தில் முடியும் சொல்லில் அழுத்தம் இயல்பாகவே கடைசிக்கு முந்தைய அசையில் விழுகிறது. ‘லே’ ஒட்டியதும் சொல் ஓர் அசை நீள்கிறது, அழுத்தமோ பழைய இடத்திலேயே நிற்கிறது. அதைக் காட்டவே கோடு. பெரிய எழுத்துகளுக்கு இது வேண்டாம் என்று என் மாணவர் பலர் நம்புகிறார்கள், கடைப் பலகைகளும் அந்த நம்பிக்கையை வளர்க்கின்றன; ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் விதியோ பெரிய எழுத்துக்கும் கோடு கேட்கிறது. ‘போகலாம்’ எனப் பொருள்படும் ‘பாமோனோஸ்’ சொல்லுக்கும் இதே கோடு உண்டு. ‘பாமோஸ்’, ‘நோஸ்’ இரண்டும் சேரும்போது முதற்சொல்லின் ஈற்று ‘ஸ்’ விழுந்துவிடும் என்பதையும் மாணவர்கள் மறக்கிறார்கள்.

தமிழில் ‘ஆண்டலே’ என்று எழுதுவது ஆங்கிலம் வழியாக வந்த பழக்கம். மூல ஒலி நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது. நம் ‘ந்த’ அதற்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது.

மத்ரித்தில் வசிக்கும் உறுப்பினர்:

ஸ்பெயினில் இச்சொல்லைச் சொன்னால் மெக்சிகோக்காரர் போலப் பேசுவதாகச் சிரிப்பார்கள். இங்கே அவசரப்படுத்தவும், பேச்சை முடிக்கவும் ‘பெங்கா’ போதும். ‘வாருங்கள்’ என்னும் மரியாதை ஏவலான அதை நெருங்கிய நண்பர்களிடமும் தயங்காமல் சொல்கிறார்கள். ‘ஆந்தா’வும் உண்டு, ஆனால் பெரும்பாலும் ‘அட, அப்படியா!’ என்ற வியப்புக்காகத்தான்.