ஆர்லாண்டோ டிஸ்னி: பார்க் ஹாப்பர் டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: நாங்க ரெண்டு பேர், 4, 7 வயசுப் பிள்ளைங்க. கையில 4 நாள். ஒரு நாளைக்கு ஒரு பார்க் டிக்கெட் போதுமா, ஒரே நாள்ல ஒரு பார்க்லேர்ந்து இன்னொரு பார்க்குக்குப் போக விடுற ஹாப்பர் டிக்கெட் எடுக்கணுமா?

பதில் 1: 4 நாள், 4 பார்க். ஹாப்பர் வேண்டாம். மேஜிக் கிங்டம் பார்க்லேர்ந்து எப்காட் பார்க்குக்குப் போக மோனோரயில் இருக்கு, ஆனா நடுவுல டிக்கெட் சென்டர்ல இறங்கி வேற ரயில் மாறணும். தூங்குற பிள்ளை, ஸ்ட்ரோலர் எல்லாம் சேர்த்தா ஒரு மணி நேரம் சுலபமா போயிடும்.

பதில் 2: ஹாப்பருக்கான கூடுதல் தொகை நாள் கணக்கு இல்ல, டிக்கெட் கணக்கு. 3 வயசு ஆன எல்லாருக்கும் தனித்தனியா கட்டணும், அதனால உங்களுக்கு நாலு மடங்கு. அனிமல் கிங்டம் பார்க் சீக்கிரம் மூடிடும். அன்னிக்கு ராத்திரி எப்காட் வாணவேடிக்கை பார்த்தே ஆகணும்னா மட்டும் யோசிங்க. முன்னாடி மதியம் 2 மணிக்கு அப்புறம்தான் வேற பார்க்குக்கு மாற முடியும். 2024 ஜனவரிலேர்ந்து அந்தக் கட்டுப்பாடு இல்ல.

பதில் 3: முதல்ல சாதா டிக்கெட்டே வாங்குங்க. அங்க போய்த் தேவைப்பட்டா, டிக்கெட் காலாவதி ஆகுறதுக்குள்ள கெஸ்ட் ரிலேஷன்ஸ் கவுன்டர்ல வித்தியாசத்தைக் கட்டி ஹாப்பரா மாத்திக்கலாம். வாங்கின ஹாப்பருக்குப் பணம் திரும்ப வராது.