எட்டு முனை நட்சத்திரக் குயில்ட்: நேராக இறங்கலாமா?

நூல்கண்டு:
வணக்கம். துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் குயில்ட் போர்வையில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. சதுரங்களை இணைக்கும் நைன் பேட்ச், பட்டை பட்டையாக வரும் ரெயில் ஃபென்ஸ் இரண்டும் தைத்து, தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். எல்லாமே நேர்த் தையல். வருகிற தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அவளுக்குக் கட்டில் அளவில் ஒரு லோன் ஸ்டார் தைத்துக் கொடுக்க ஆசை. நடுப்புள்ளியில் தொடங்கி, சாய்சதுரத் துண்டுகள் சுற்றுக்குச் சுற்று நிறம் மாறி விரியுமே, அந்த ஒற்றைப் பெரிய நட்சத்திரம். சிவப்பு, நீலம், மஞ்சளில் சுங்குடிப் பருத்தி எடுத்து வைத்துவிட்டேன். பின்னணிக்கு வெள்ளை.

தோழிகள் "முதலில் முக்கோணம் பழகு, அப்புறம் சின்ன டிசைன், கடைசியில் இது" என்கிறார்கள். எனக்கோ இதைத்தான் தைக்க வேண்டும் போலிருக்கிறது. நேராக இறங்கினால் நல்ல துணி வீணாகுமா? தைத்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
தாராளமாக இறங்குங்கள் தோழி. திருச்சியில் என் வீட்டிலேயே தையல் வகுப்பு எடுக்கிறேன். மனசு வைத்த டிசைனுக்காக ஒரு தையலைப் பிரித்துத் திரும்பப் போடும் பொறுமை, கடமைக்குத் தைக்கும் பயிற்சித் துண்டில் யாருக்கும் வருவதில்லை. ஆனால் லோன் ஸ்டாரில் உங்களுக்குப் புதிது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மூன்றே விஷயம்: சாய்வாக வெட்டிய விளிம்பைக் கையாள்வது, எட்டு முனைகளை ஒரே புள்ளியில் சேர்ப்பது, இரண்டு முனைகளுக்கு இடையில் சதுரத்தையும் முக்கோணத்தையும் பொருத்தும் ஒய் தையல் (மூன்று தையல்கள் Y எழுத்து மாதிரி ஒரே புள்ளியில் சந்திப்பது). மற்றதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே தைக்கிற நேர்த் தையல்தான்.

இந்த டிசைனில் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொரு சாய்சதுரத்தின் முனையும் 45 டிகிரி. எட்டும் சேர்ந்தால் 360. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு டிகிரி குறைந்தாலும் மொத்தத்தில் 8 டிகிரி போய்விடும், நட்சத்திரம் படியாமல் இட்லிப் பானை மூடி மாதிரி நடுவில் எழும்பி நிற்கும். கூடிப்போனால் ஓரமெல்லாம் அலையலையாக நெளியும். அதனால் துணியைத் தொடும் முன், விளிம்பிலிருந்து கால் இஞ்ச் உள்ளே போடும் உங்கள் தையலைச் சோதித்துவிடுங்கள். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்து இஸ்திரி போட்டு அளந்தால், நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச், மொத்த அகலம் 3½ இஞ்ச் வர வேண்டும். வரவில்லையென்றால் மிஷினில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சரியாக வரும்வரை அந்த டேப்பை நகர்த்துங்கள்.

சாய்வு வெட்டு இழுபடும் என்பது கிராஸ் கட் ப்ளவுஸ் தைத்தவர்களுக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டுக் காயவையுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி போதும், நன்றாக வடிகட்டிக்கொள்ளுங்கள். தைத்த பிறகு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஒரு முறை அலசிவிடுங்கள், கஞ்சியோடு மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும்.

தோழிகள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாதது ஒன்றுதான். பழகுவதற்கு வேறொரு சுலபமான டிசைன் வேண்டாம், இதே கஷ்டத்தைச் சின்ன அளவில் தைத்துப் பாருங்கள். சுங்குடியைத் தொட வேண்டாம், மிச்சத் துணி போதும். 3½ இஞ்ச் பட்டையில் 45 டிகிரி சாய்த்து, அதே 3½ இஞ்ச் இடைவெளியில் எட்டுச் சாய்சதுரம் வெட்டுங்கள். மூலைகளுக்கு 4¾ இஞ்ச் சதுரம் நான்கு. பக்கங்களுக்கு 7¼ இஞ்ச் சதுரம் ஒன்றை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டினால் நான்கு முக்கோணம். தைத்து முடித்தால் ஏறக்குறைய 14½ இஞ்ச் வரும். சுற்றிலும் ஒரு பட்டை வைத்தால் 16 இஞ்ச் குஷன் உறை. நான் சொன்ன மூன்றும் இதிலேயே வந்துவிடும்.

கரூர்த்தறி:
அந்த முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சதுரத்தை இரண்டாக வெட்டாமல் நான்காக வெட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான்காக வெட்டினால் முக்கோணத்தின் நீண்ட பக்கம் துணியின் நேர் இழையில் வரும். அந்தப் பக்கம்தான் குயில்ட்டின் வெளி விளிம்பு. அது சாய்வு இழையில் போனால் போர்வை முழுவதும் இழுபட்டுக் கோணலாகிவிடும். இங்கே ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தபோது நாங்கள் முதலில் பார்ப்பது நான்கு ஓரத்தையும்தான்.

அப்புறம், சுங்குடியில் சிவப்பும் நீலமும் சாயம் விடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டாலே தெரியும். வெள்ளைப் பின்னணி வேறு வைக்கிறீர்கள்.

மலைநாடு:
நான் ஹூப்ளியில் இருக்கிறேன். பக்கத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பகுதிகளில் சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுப்போர்வை தைப்பார்கள். ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் துண்டுகளை வைத்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு போவார்கள். துண்டுகளை இணைப்பதும், அடுக்குகளைச் சேர்த்துக் குயில்ட் செய்வதும் ஒரே வேலை. அளவுகோல் கிடையாது, ஆனால் தையல் வரிசை அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், லோன் ஸ்டாரில் நட்சத்திரத்தைச் சுற்றி வெள்ளை இடம் நிறைய இருக்கும். அங்கே கைத்தையல் போட்டு நிரப்பினால்தான் அழகு. தினமும் கொஞ்ச நேரம் ஒரு பழைய துணியில் ஓட்டுத் தையல் பழகுங்கள். தை மாதத்துக்குள் கை வந்துவிடும்.

நூல்கண்டு:
எல்லோருக்கும் நன்றி. குஷன் உறையை இந்த வாரமே வெட்டப் போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம், ஊசிமுனை அக்கா. எட்டையும் எந்த வரிசையில் சேர்ப்பது? பெரிய நட்சத்திரத்துக்குக் குட்டிச் சாய்சதுரங்களை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டுமா?

ஊசிமுனை:
வெட்ட வேண்டாம் தங்கச்சி. நிறம் நிறமாக 2½ இஞ்ச் பட்டைகளைப் படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளி இணைத்துக்கொண்டு, அந்த மொத்தத்தையும் 45 டிகிரியில் மறுபடி 2½ இஞ்ச் அகலத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு வரிசை, வரிசைகளைச் சேர்த்தால் எட்டில் ஒரு பெரிய சாய்சதுரம். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது வெட்டு விளிம்பில் தையல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாது, கால் இஞ்ச் உள்ளேதான் சந்திக்கும். அந்த இடத்தில் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்திப் பாருங்கள்.

எட்டையும் இரண்டிரண்டாக, பிறகு நான்கு நான்காக, கடைசியில் இரண்டு பாதிகளாகச் சேர்க்க வேண்டும். வெளிப்பக்கம் முடிவதற்குக் கால் இஞ்ச் முன்பே பென்சில் புள்ளி வைத்து, அங்கே தையலை நிறுத்தி முடிச்சுப் போடுங்கள். சதுரமும் முக்கோணமும் உட்காருவதற்கு அந்த இடம் திறந்திருக்க வேண்டும். கடைசி நீளத் தையலில் முதலில் நடுவில் மட்டும் இரண்டு இஞ்ச் பெரிய தையல் போட்டுத் திருப்பிப் பாருங்கள். எட்டு முனையும் சேர்ந்திருந்தால் சின்னத் தையலில் முழுவதும் ஓட்டிவிடலாம். சேராவிட்டால் அந்த இரண்டு இஞ்சை மட்டும் பிரித்தால் போதும். பின்பக்கம் தையல் மடிப்புகள் எல்லாவற்றையும் ஒரே திசையில் சுற்றாகச் சாய்த்து இஸ்திரி போட்டால் நடுவில் மேடு தட்டாது.

உறை முடிந்ததும் ஒரு போட்டோ போடுங்கள், நடுப்புள்ளியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.