எக்செல் கேஜ் சார்ட்: முள் ஏன் கீழே தொங்குகிறது?

கேள்வி

வணக்கம். எக்செலில் ஸ்பீடோமீட்டர் மாதிரி அரைவட்ட கேஜ் ஒன்று செய்ய மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் "வண்டியில் இருக்கிற மாதிரி முள் வேணும்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். வெறும் எண்ணைப் போட்டால் யாரும் பார்ப்பதில்லையாம்.

சார்ட் பட்டியலில் கேஜ் என்று ஒரு வகையே இல்லை. அதனால் டோனட் சார்ட்டில் (நடுவில் ஓட்டையுள்ள வளையம்) 50, 30, 20, 100 என்று நான்கு துண்டு போட்டேன். 100-க்கு உரிய துண்டுக்கு நோ ஃபில் (நிறமில்லை) கொடுத்து, முதல் துண்டு தொடங்கும் கோணத்தை 270 டிகிரி ஆக்கியதும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வானவில் மாதிரி வந்துவிட்டது. அதுவரை சந்தோஷம்தான்.

வம்பெல்லாம் முள்ளில். அதற்குத் தனியாக ஒரு பை சார்ட் (முழு வட்டம்) சீரிஸ், அதாவது இன்னொரு எண் வரிசை சேர்த்து, டோனட்டுக்கு மேலே தனியாக நிற்கும்படி செகண்டரி ஆக்சிஸில் வைத்து, அதையும் 270-க்குத் திருப்பினேன். காட்ட வேண்டிய மதிப்பு 72. பைக்குக் கொடுத்த எண்கள் 72, 2, 26. நடுவில் இருக்கும் 2 தான் முள், மற்ற இரண்டும் நிறமில்லாதவை. மஞ்சள் பகுதியில் நிற்க வேண்டிய முள் ஆறு மணி காட்டுவது போல நேராகக் கீழே தொங்குகிறது. மதிப்பை 10 ஆக்கினால் 20-ஐத் தாண்டிப் போய் நிற்கிறது. கோணத்தை மாற்றி 72-ஐச் சரிசெய்தால் 10 கெட்டுப்போகிறது. எங்கே தப்பு?

பதில் 1

கோணத்தில் தப்பில்லை, கூட்டலில்தான். உங்கள் டோனட்டின் மொத்தம் 200: தெரிகிற பாதி 100, மறைந்திருக்கிற பாதி 100. பையின் மொத்தமோ வெறும் 100. அதாவது டோனட் அரைவட்டத்துக்கு 100 என்று அளக்கிறது, பை முழு வட்டத்துக்கும் 100 என்று அளக்கிறது. முள் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றாமல் என்ன செய்யும்?

கடைசி எண்ணை 26-க்குப் பதிலாக, 200-லிருந்து முதல் இரண்டையும் கழித்து வருவதாக வையுங்கள். இன்னொன்று. முள்ளின் தடிமன் 2 என்பதால் அதன் நடு 73-ல் விழும். முதல் எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டால் நடு சரியாக 72-ல் வரும். ஆக 71, 2, 127. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே முள் நின்றால் சரி. மூன்றையும் கையால் தட்டாதீர்கள், மதிப்பு இருக்கும் செல்லை வைத்து ஃபார்முலாவாகப் போடுங்கள். அடுத்த மாதம் மறுபடி இதே பாடு வேண்டாம்.

கேட்டவர்

அட! இவ்வளவுதானா. மூன்று நாளும் அந்த 270-ஐயே முறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது 10, 72 இரண்டும் சரியாக நிற்கின்றன. ஆனால் டோனட்டின் மஞ்சளைக் கொஞ்சம் மாற்றலாம் என்று கிளிக் செய்தால் பைதான் செலக்ட் ஆகிறது. டோனட்டைத் தொடவே முடியவில்லை.

பதில் 1

பை மேலே மூடிக்கொண்டிருக்கிறது. நிறம் இல்லாவிட்டாலும் கிளிக்கை அது வாங்கிக்கொள்ளும். சார்ட்டைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் டேபுக்குப் போங்கள். இடது ஓரத்தில் சார்ட்டின் பாகங்களைப் பட்டியலிடும் ஒரு பெட்டி இருக்கும், அதில் டோனட் சீரிஸை எடுங்கள். நான் கேஜ் செய்யும்போது டோனட் நிறங்களை எல்லாம் முடித்துவிட்டுத்தான் பையைச் சேர்ப்பேன். பட்டுத் தெரிந்துகொண்டது.

பதில் 2

ஒரு மாதம் மதிப்பு 112 வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா? முள் வலது ஓரத்தைத் தாண்டி வெற்றுப் பாதிக்குள் இறங்கிவிடும். MIN ஃபங்ஷன் (இரண்டில் சிறியதை எடுப்பது) போட்டு 100-க்கு மேல் போகாமல் முள்ளை நிறுத்துங்கள். கீழ்ப்பக்கமும் அதே கதை: மதிப்பு பூஜ்யமானால் முதல் எண் மைனஸ் ஒன்றாகிவிடும். பை சார்ட் மைனஸ் குறியைக் கண்டுகொள்ளாது, அதையும் பிளஸ்ஸாக எடுத்து வரைந்துவிடும். MAX (பெரியதை எடுப்பது) போட்டுப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டால் போதும்.

முள்ளை இப்படிக் கட்டிப்போட்டால் 112-க்கும் 100-க்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் உண்மையான எண்ணை அடியில் எழுதியே ஆக வேண்டும். கீழ்ப்பாதி சும்மாதானே கிடக்கிறது.

பதில் 3

கூகுள் ஷீட்ஸில் கேஜ் சார்ட் தயாராகவே இருக்கிறது. குறைந்த அளவு, அதிக அளவு, எந்த எண்ணிலிருந்து எந்த நிறம் என்று கொடுத்தால் முடிந்தது.

ஆனால் கேஜே வேண்டுமா என்பதுதான் என் சந்தேகம். ஒரே ஒரு எண்ணைச் சொல்ல அரைப் பக்கம் தின்கிறது. தரவை வரைபடமாகக் காட்டுவதில் நிபுணரான ஸ்டீபன் ஃபியூ என்பவர் இந்த மீட்டர்களுக்கு மாற்றாகத்தான் புல்லட் கிராஃபை வடிவமைத்தார். ஒரு படுக்கைப் பட்டை, இலக்குக்கு ஒரு குறுக்குக் கோடு, பின்னால் வெளிர் நிறத்தில் நிலைகள். ஒரு கேஜ் பிடிக்கிற இடத்தில் ஐந்தாறு வரிசை அடுக்கலாம்.

கேட்டவர்

புல்லட் கிராஃபை மேலாளரிடம் வரைந்தே காட்டினேன். "இதில் முள் எங்கே?" என்றார். கேஜ்தான் போகிறது.

எண்ணைக் கீழ்ப்பாதியில் டெக்ஸ்ட் பாக்ஸாக வைத்துவிட்டேன். சார்ட்டைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பாக்ஸைச் சேர்க்க வேண்டும் போல. முதல் தடவை வெளியே போட்டதில், சார்ட்டை நகர்த்தியதும் எண் மட்டும் அநாதையாக அங்கேயே நின்றது. அப்புறம் பாக்ஸைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு மதிப்பு இருக்கும் செல்லைக் காட்டினேன், தானாக மாறுகிறது. சதவீதக் குறியையும் அங்கேயே ஒட்டப் பார்த்தேன், ஏற்கவில்லை. செல்லை மட்டும்தான் காட்ட முடிகிறது. பக்கத்துச் செல்லில் குறியோடு சேர்த்து எழுதி அதைக் காட்டினேன், சரியாகிவிட்டது.

112 போட்டுப் பார்த்தேன். முள் ஓரத்தில் அசையாமல் நிற்கிறது, அடியில் 112%. நிறங்களுக்கு விளக்கம் காட்டும் லெஜண்டை மட்டும் இன்னும் அழிக்கவில்லை, இதோ போகிறேன்.