காமிக்ஸ் பக்க அமைப்பு பழக வழி சொல்லுங்களேன்
வணக்கம் நண்பர்களே, காமிக்ஸ் வரையப் பழகுகிறேன். உருவங்கள் ஓரளவு கைக்கு வந்துவிட்டன, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிப்பதில்தான் திணறுகிறேன். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் 1985-ல் எழுதிய 'காமிக்ஸ் அண்ட் சீக்வென்ஷியல் ஆர்ட்' படித்தேன், கட்டத்தின் அளவும் எண்ணிக்கையும் நேரத்தை நீட்டும், சுருக்கும் என்பது புரிந்தது, கையில் இன்னும் வரவில்லை.

நேற்று ஒருத்தி கதவைத் திறக்கும் காட்சியை வரிசைக்கு இரண்டாக ஆறு கட்டங்களில் வரைந்தேன். மூன்றாவதில் பேச்சுக் குமிழி அடியில் தொங்கியதால், படித்துப் பார்த்த தங்கை நான்காவதை விட்டுவிட்டு நேராகக் கீழே இறங்கிவிட்டாள்!

குமிழிகளின் இடத்தை முதலிலேயே குறித்துவிட்டுப் படம் வரைவீர்களா? அப்புறம், நல்ல பக்கங்களைப் பார்த்து வெறும் கட்டங்களை மட்டும் சின்னதாகப் போட்டுப் பழகினால் பலன் உண்டா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.