கால் புண்ணுக்கு ஷீட் வைத்தவர்கள் சொல்லுங்க

அம்பை பையன்:
அப்பாவுக்குச் சுகர் இருபது வருசம். உள்ளங்காலில் புண், ஏழு மாதமாக ஆறவில்லை. கொலாஜன் என்ற புரதத்தில் செய்த ஷீட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஆச்சி கட்டைப் பிரித்தால் ஷீட்டைக் காணோம், மஞ்சளாகக் கொழகொழவென்று ஏதோ கிடக்கிறது. “ஏல, சலம் வச்சிட்டுல!” என்று வெந்நீரில் துணியை முக்கித் தேய் தேய் என்று தேய்த்துவிட்டாள். நான் ஓடி வருவதற்குள் தண்ணீர் சிவந்துவிட்டது. அப்பா தந்திப் பேப்பரை மடித்துக்கொண்டே, “பாவநாசம் அணையில எத்தனை அடி தண்ணி தெரியுமால?” என்கிறார். ஆச்சி துணியைக் காலில் வைத்தபடியே அவர் முகத்தைப் பார்த்தாள். அதுதான் எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

மேலப்பாளையத்துக்காரி:
ஷீட் காணாமல் போகவில்லை தம்பி. கொலாஜன் புண்ணின் நீரில் ஊறி இளகிவிடும். அவரைக்கொடிக்குப் பந்தல் மாதிரி, புதுச் சதை அதைப் பிடித்துத்தான் ஏறும். எங்க உம்மாவுக்கு அல்ஜினேட் வைத்தார்கள், பழுப்புக் கடல்பாசியில் செய்வது. பஞ்சாக வைத்தது மறுநாள் நுங்காகிவிட்டது. நர்ஸ் இடுக்கியால் தூக்கியதும், “என் சதையவா பிய்க்கிறே?” என்று உம்மா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. வலியே இல்லையாம், பயம்தான். அது சரி, கொலாஜனைப் பெரும்பாலும் மாட்டிலிருந்துதானே எடுப்பார்கள், ஆச்சிக்குத் தெரியுமா?

பாளை ரிட்டயர்டு:
இரண்டு பேரும் ஷீட்டையே பேசுகிறீர்கள். என் மைத்துனருக்கும் விலை கூடின ஷீட்தான், மூன்று தடவை. அந்தக் காலோடு டவுனுக்குத் தேரோட்டம் பார்க்க நடந்தார், முடிந்தது கதை. என்ன வைத்துக் கட்டினாலும் உள்ளங்கால் புண்ணில் பாரம் இறங்கக் கூடாது. ஆறும்வரை மாவுக்கட்டோ தனி பூட்ஸோ, ஆறினபின் எம்சிஆர் என்கிற மெத்து ரப்பர் செருப்பு. காலுக்கு ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல், செத்த சதையை எடுக்காமல் ஷீட் வைப்பது களையெடுக்காமல் நாற்று நடுவதுதான். 10 கிராம் அழுத்தம் தருகிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மறு காலுக்கும் கேட்டுச் செய்யுங்கள். ‘காத்தாட விடு, காயட்டும்’ என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஈரப்பதத்தில்தான் தோல் சீக்கிரம் மூடும் என்று 1962-லேயே வின்டர் என்பவர் பன்றியின் தோலில் செய்து காட்டிவிட்டார்.

அம்பை பையன்:
பூட்ஸ் ஏற்கனவே போட்டாச்சு அண்ணாச்சி. இப்போது இரண்டாவது ஷீட், புண் பாதி மூடியிருக்கிறது. மாட்டு விஷயத்தை அக்கா கிளப்பிவிட்டார்கள், நான் ஆச்சியிடம் வாயே திறக்கவில்லை. கட்டு இன்னும் அவள் பொறுப்புதான். தொடுவதற்கு முன்னால், “ஏய்யா, தெரியுதா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். அப்பா தெரியுது என்று பொய் சொல்கிறார்.