மாநிலங்களவையும் மற்றொரு பதவியும்: குடும்பக் குழுவில்

மீனா: பெரியப்பா, மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் அரசு வாரியத்துக்கும் தலைவராக இருக்கலாமா என்று இன்று வகுப்பில் விவாதம் நடந்தது. சம்பளம் வாங்காவிட்டால் தடையில்லை என்றே பலரும் சொன்னார்கள்.

பெரியப்பா: வாங்காமல் இருப்பது மட்டும் போதாதம்மா. ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்துகொண்டே 2004-இல் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தலைவரானார். அப்பதவிக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும் வேறு சில வசதிகளும் உண்டு. அவற்றைத் தாம் பெறவே இல்லை என்று அவர் வாதிட்டும், பெறுவதற்கு உரிமை இருந்தாலே அது நாடாளுமன்ற உறுப்பினர் வகிக்கக் கூடாத ‘ஆதாயம் தரும் பதவி’தான் என்று கூறி, 2006-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய தகுதியிழப்பை உறுதி செய்தது.

சித்தி: அப்படியானால் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் இருந்தபடியே பத்து ஆண்டுகள் பிரதமராக இருந்தாரே, அத்தான்?

பெரியப்பா: அமைச்சர் பதவிக்கு அரசியலமைப்பின் 102-ஆம் பிரிவே விலக்கு அளித்திருக்கிறது. அமைச்சர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வாரியத் தலைவர் பதவியோ அரசு பார்த்துக் கொடுப்பது. அதைப் பெற்றவர் அரசைக் கேள்வி கேட்கத் தயங்குவார் என்ற அச்சமே இந்தத் தடைக்குக் காரணம்.

செந்தில்: அந்த அச்சம் எத்தனை நாள் நீடித்தது, பெரியப்பா? அதே 2006-இல், எந்தப் பதவிகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று சொல்லும் 1959-ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்தி, ஐம்பதுக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்கு அளித்தார்கள். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியும், அதே மசோதாவை மீண்டும் நிறைவேற்றினார்கள். தேர்வு எழுதுகிறவர்களே விடைத்தாளையும் திருத்திக்கொண்டது போலத்தான் அது எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பா: விலக்கு அளிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்ததும் அதே 102-ஆம் பிரிவுதான். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி சரி, ஆனால் முன்தேதியிட்டதில் எனக்கும் உடன்பாடில்லை.

மீனா: மாநிலங்களவை உறுப்பினர் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டால்?

பெரியப்பா: அதற்கு விலக்கே கிடையாது. அரசிதழில் அறிவிப்பு வந்த 14 நாட்களுக்குள் சட்டமன்றப் பதவியை விடாவிட்டால், நாடாளுமன்ற இடம் தானாகவே காலியாகிவிடும். 2021-இல் அ.தி.மு.க.வின் கே.பி.முனுசாமியும் வைத்திலிங்கமும் சட்டமன்றத்தைத் தேர்ந்துகொண்டு மாநிலங்களவையிலிருந்து விலகினார்கள்.

செந்தில்: அந்த இரண்டு இடங்களும் இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்குப் போயின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பெரியப்பா.