கலைச்சொல்: ‘செக்டர் கப்ளிங்’ – துறைப்பிணைப்பு எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மின்சாரம், வெப்பம், போக்குவரத்து, தொழில் ஆகிய துறைகளுக்கிடையே ஆற்றல் பாய வழி செய்வதை ஆங்கிலத்தில் ‘செக்டர் கப்ளிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன்: துறை இணைப்பு, துறை ஒருங்கிணைப்பு, துறைக்கூட்டு. மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் நாம் சொல்ல வந்த பொருளை மூன்றுமே முழுதாகப் பிடிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. அதனால் ‘துறைப்பிணைப்பு’ என்பதை முன்வைக்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கப்ளிங் என்றால் இணைப்புதானே? ‘துறை இணைப்பு’ என்றே வைத்தால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறு பொருளில் புரியும். ‘வங்கிகள் இணைப்பு’ என்று செய்தியில் வந்தால் அவை ஒரே வங்கியாகிவிட்டன என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். ‘துறைகள் இணைப்பு’ என்றாலும் இரண்டு அரசுத் துறைகளை ஒன்றாக்கிவிட்டார்கள் என்றே தோன்றும். இங்கே எந்தத் துறையும் இன்னொன்றில் கரைவதில்லை. மின்துறையும் வெப்பமும் போக்குவரத்தும் தொழிற்சாலைகளும் தனித்தனியாகவே இருக்கும். ஒன்றில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று உடனே தாங்கிக்கொள்ளும்படி நடுவே ஒரு வழி திறக்கிறது.

அந்த வழி ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்தால் சொல்லும் தெளிவாகும். உலகில் இறுதியாகப் பயன்படும் ஆற்றலில் மின்சாரத்தின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். மீதியில் பெரும்பகுதி, வெப்பத்துக்காகவும் வண்டிகளுக்காகவும் நேரடியாக எரிக்கப்படும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி. எத்தனை காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் வந்தாலும் அவை தருவது மின்சாரம். அந்த மின்சாரம் அடுப்புக்கும் உலைக்கும் சக்கரத்துக்கும் போய்ச் சேராவிட்டால் மாற்றம் அந்த ஐந்தில் ஒன்றோடு நின்றுவிடும். ஜெர்மானியர்கள் ‘செக்டோர்கொப்லுங்’ என்று பேச ஆரம்பித்தது இதைத்தான். ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்தது.

டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய்வழியே வெப்பம் வருகிறது. ஊருக்குப் பொதுவான ஒரு நிலையத்தில் நீரைச் சூடாக்கி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். 1979இல் வந்த வெப்ப வழங்கல் சட்டம் இதற்கு அடித்தளம். மின்சாரத்திலோ பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. பலத்த காற்றடிக்கும் இரவில் மின்சாரம் வாங்க ஆளில்லாமல் சந்தை விலை சுழியத்துக்கும் கீழே போவதுண்டு. அப்போது வெப்ப நிலையத்தின் மின்கொதிகலன் சில நிமிடங்களில் முழுத் திறனுக்கு வந்துவிடும். நீரில் மின்முனைகள் மூழ்கியிருக்கும், நீரே மின்னோட்டத்தைக் கடத்திச் சூடாகும். சூடான நீர் பல ஆயிரம் கன மீட்டர் கொள்ளும், வெப்பம் வெளியேறாத தொட்டிக்குப் போகும். அடுத்த சில நாட்கள் காற்று அடங்கினாலும் வீடுகளுக்கு அந்தச் சூடு கிடைக்கும்.

இதில் இன்னொன்றும் நடக்கிறது, என் வாதத்துக்கு அதுதான் முக்கியம். மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே தரும் எரிபொருள் நிலையங்கள், தொட்டி நிறைந்திருப்பதால் வெப்பத்துக்காக ஓட வேண்டிய கட்டாயமில்லாமல் நின்றுவிடும். அவை நிற்பதால் காற்று மின்சாரத்துக்கு வலையமைப்பில் இடம் கிடைக்கும். மின்துறை வெப்பத்துறையை மாற்றியது, வெப்பத்துறை திரும்ப மின்துறையை மாற்றியது. இயற்பியலில் இரண்டு ஊசல்களை ஒரு சுருள்வில்லால் கோத்துவிட்டால் ஒன்றின் ஆட்டம் மற்றொன்றுக்குப் போய்த் திரும்பி வரும் அல்லவா, அதே பொருளில்தான் இங்கும் ‘கப்ளிங்’ நிற்கிறது. ‘இணைப்பு’ என்ற சொல்லில் இந்தப் போக்குவரவு இல்லை. ‘பிணைப்பு’ என்றால் ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

> ‘ஒருங்கிணைப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். புதிதாக எதற்கு இன்னொன்று?

புழக்கத்தில் இருப்பதால்தான் அதை இங்கே செலவழிக்கக் கூடாது என்கிறேன். அது மனிதர்களும் நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்வதைக் குறிக்கும் சொல். இந்தத் துறைக்கு அதுவும் கட்டாயம் வேண்டும். ஜெர்மனியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வளர்ப்பதற்காக மின்கட்டணத்தோடு ஒரு தீர்வை வாங்கினார்கள். 2017இல் அது யூனிட்டுக்கு 6.88 யூரோ செண்ட் வரை போனது. நோக்கம் நல்லதுதான். ஆனால் எரிவாயுவுக்கு அந்தத் தீர்வை இல்லை. வீட்டுக்கு வெப்ப எக்கி (மின்சாரத்தால் இயங்கி, வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ‘ஹீட் பம்ப்’) வைக்க நினைத்தவருக்கு, பசுமை மின்சாரத்தை வளர்க்க வந்த தீர்வையே சுமையாகியது. 2022 ஜூலை 1 முதல் அதைச் சுழியமாக்கிவிட்டு, அரசுக் கருவூலத்திலிருந்து பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். கருவி இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது. நிதி, மின்சாரம், வீட்டுவசதி பார்ப்பவர்களுக்கிடையே ஒருங்கிணைப்பு பிந்தி வந்தது.

ஆக, இரண்டு சொற்களும் வேண்டும். குழாயிலும் கம்பியிலும் நடப்பது பிணைப்பு. சட்டத்திலும் கட்டணத்திலும் நடக்க வேண்டியது ஒருங்கிணைப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பல துறையினர் கூடிப் பேசிவிட்டதையே துறைப்பிணைப்பு நடந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஒரு கொதிகலனோ மின்னேற்ற நிலையமோ வராமல் அது நடக்காது. இந்த வேறுபாட்டை நம் கலைச்சொல் காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

> வேதியியலில் ‘பாண்ட்’ என்பதற்குப் பிணைப்பு என்கிறோம். குழப்பம் வராதா?

வராது என்று நினைக்கிறேன். ‘துறை’ முன்னால் நிற்கிறது. தவிர, வேதிப் பிணைப்பிலும் அணுக்கள் தம் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை, எனவே பொருள் முரணும் இல்லை. ‘செக்டர்’ கணிதத்தில் வட்டக்கோணப்பகுதி, இங்கே துறை. அதைச் சூழலை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம், இதையும் பிரித்துக்கொள்ளலாம். சொல்லை வளர்ப்பதும் எளிது: பிணைந்த துறைகள், பிணைப்புத் திறன், பிணைக்கும் கருவிக்குப் பிணைப்பி.

‘துறைக்கூட்டு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டு நிறுவனம், கூட்டு முயற்சி என்று மனம் போய்விடும்.

அப்புறம், துணைச்சொற்கள். மின்சாரத்தை வெப்பமாகவோ வளிமமாகவோ மாற்றுவதைக் குறிக்கும் ‘பவர் டு ஹீட்’, ‘பவர் டு கேஸ்’ வகைக்கு ‘மின்வழி’ என்ற முன்னொட்டைப் பரிந்துரைக்கிறேன்: மின்வழி வெப்பம், மின்வழி வளிமம், மின்வழி எரிபொருள். ஒரே குடும்பம் என்பது பார்த்ததும் தெரியும். வண்டியின் மின்கலத்திலிருந்து மின்சாரத்தைத் திரும்ப எடுப்பதற்கு ‘இருவழி மின்னேற்றம்’ போதும்.

அருஞ்சொல் விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்: எல்லாப் பிணைப்பும் ஒரே அளவு பயன் தருவதில்லை. வெப்ப எக்கிக்கு ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால், வெளியிலிருந்தும் வெப்பத்தை இழுத்து மூன்று நான்கு யூனிட் வெப்பம் தரும். ஹைட்ரஜன் அப்படியில்லை. நீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும், அதில் பயன்படக்கூடிய ஆற்றல் 33 யூனிட் அளவு. அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே நல்லது. இரும்புத் தாதுவை உருக்காக்கவும் உரத்துக்கான அம்மோனியா செய்யவும் ஹைட்ரஜனுக்கு ஈடில்லை, சரி. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அது தேவையில்லை. நேரடியாக மின்சாரத்தால் ஓடக்கூடியதை முதலில் பிணைக்க வேண்டும்.

நான் எழுதிப்பார்த்த வரையறை இது:

துறைப்பிணைப்பு: மின்சாரம், வெப்பம், போக்குவரத்து, தொழில் ஆகிய ஆற்றல் துறைகளுக்கிடையே ஆற்றல் பாய வழி செய்து, ஒன்றின் மிகுதியையும் பற்றாக்குறையையும் மற்றவை ஈடுகட்டும்படி இயக்குதல்.

முடிவாகாத ஒன்று இருக்கிறது. மின்சாரத்தை இப்படி வேறு எதுவாக மாற்றினாலும் வழங்கும் ‘பவர் டு எக்ஸ்’ என்ற பொதுப்பெயருக்கு ‘மின்வழி ஆக்கம்’ என்று நினைத்தேன். ‘மின்னாக்கம்’ என்பதை மின் உற்பத்திக்கு வழங்குபவர்கள் இருப்பதால் இரண்டும் ஒன்றாகத் தோன்றிவிடுமோ என்ற தயக்கம் இருக்கிறது. ‘மின்வழி மாற்றம்’ என்றால் மாற்றத்தின் முடிவில் என்ன விளைபொருள் கிடைக்கிறது என்பது தெரியாமல் போகும். வேதிப்பொறியியலில் வேலை செய்பவர்கள் இதற்கு ஒரு சொல் தந்தால் அடுத்த மடலில் பட்டியலை முழுதாக்கி அனுப்புகிறேன்.